மருந்தால் குணமா, மருந்தோடு குணமா?
(கீழ்பென்னாத்தூரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம், "உடல்நலம் பற்றி அரை மணி நேரம் பேசுங்க, எல்லாருக்கும் வயசாயிடுச்சு" என்றார். உப்பைக் குறையுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள், காலையிலே நடங்கள் என்று சொல்ல நான் வேண்டியதில்லை. அதை உங்கள் வீட்டம்மா தினமும் சொல்லிக் கொண்டுதான் இருப்பார்கள். தவிரவும் நான் டாக்டர் இல்லை. கணக்குப் படித்தவன். மருத்துவ ஆராய்ச்சியிலே புள்ளிவிவரம் பார்க்கிற வேலையிலே முப்பது வருஷம் ஓட்டியவன். எனக்கு ஊசி போடத் தெரியாது. ஆனால் ஒரு ஊசி வேலை செய்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது எப்படி என்பது ஓரளவு தெரியும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கீழாநெல்லியிலிருந்து ஆரம்பிக்கலாம். நம்ம பக்கத்திலே மஞ்சள் காமாலை வந்தால் முதலில் என்ன செய்கிறோம்? வரப்போரத்திலே முளைத்திருக்கிற கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து, மோரிலே கலக்கி வெறும் வயிற்றிலே கொடுக்கிறோம். எண்ணெய் கிடையாது, காரம் கிடையாது, பத்தியம். இரண்டு மூன்று வாரத்திலே கண் வெளுத்து விடுகிறது. "கீழாநெல்லி கேட்டுச்சு" என்கிறோம். பார்த்தவர்கள் சொல்கிறார்கள், கேட்டவர்கள் நம்புகிறார்கள். பொய் யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு விஷயம். கெட்டுப்போன தண்ணீராலே வருகிற காமாலை இருக்கிறதே, அது பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலே தானாகவே இறங்கி விடும். எதுவுமே கொடுக்காவிட்டாலும் இறங்கும். அப்படியானால் அந்தக் கண் கீழாநெல்லியாலே வெளுத்ததா, கீழாநெல்லி குடித்துக் கொண்டிருந்த சமயத்திலே தானாக வெளுத்ததா? ஒரே ஒரு ஆளை வைத்துக் கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஏனென்றால் அதே ஆள், அதே நாளிலே, கீழாநெல்லி குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பதை நாம் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. குணமாகாத ஆள் திரும்பி வந்து, "வைத்தியரே, கேட்கலே" என்று சொல்வதும் அபூர்வம். அவன் வேறே வைத்தியரிடம் போயிருப்பான், அல்லது போயே சேர்ந்திருப்பான். வைத்தியர் காதுக்கு வருவதெல்லாம் குணமான கதைதான். இது நாட்டு வைத்தியருக்கு மட்டுமல்ல, எம்.டி. போர்டு மாட்டியிருக்கிறவருக்கும் பொருந்தும்.

நான் கீழாநெல்லியைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நம்ம சென்னையிலேயே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-லே நோபல் பரிசு வாங்கிய பிளம்பர்க், இன்னும் சிலர் சேர்ந்து 1988-லே 'லான்செட்' பத்திரிகையிலே ஒரு கட்டுரை எழுதினார்கள். இது தானாக இறங்குகிற காமாலை இல்லை. உடம்பிலே பி கிருமி நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களைப் பற்றியது. 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்த 37 பேரிலே 22 பேருக்கு ரத்தத்திலே அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. டம்மி மருந்து கொடுத்த 23 பேரிலே ஒருத்தருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. நம்ம வரப்போரச் செடி! அப்புறம் தாய்லாந்து, நியூசிலாந்து என்று மற்ற நாடுகளிலே செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் அங்கே வரவில்லை. செடியிலே வித்தியாசமா, மண்ணிலே வித்தியாசமா, அல்லது முதல் சோதனையிலே ஆள் குறைவாக இருந்ததாலே தற்செயலாக வந்த பலனா என்று பல வருஷம் பேசினார்கள். பின்னால் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து அலசியவர்கள், நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சென்னைக்காரர்கள் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள்தான் கீழாநெல்லியை மதித்தவர்கள். மதித்ததாலேதான் சோதித்தார்கள்.

இந்த 'கொடுக்காமல் இருந்திருந்தால்?' என்கிற கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிற வழியைத்தான் மருத்துவப் பரிசோதனை என்கிறோம். ஒருத்தரிடம் பார்க்க முடியாததை இரண்டு கூட்டத்தை வைத்துப் பார்ப்பது. ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லை அல்லது பழைய மருந்து. கேட்க சுலபமாக இருக்கிறது. எந்தக் கூட்டத்திலே யாரைப் போடுவது என்பதிலேதான் வம்பே.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு இது நல்லாப் புரியும். ஒருத்தர் புது மல்லாட்டை விதை கொண்டு வருகிறார். "அரை ஏக்கர் போட்டுப் பாருங்க, பழைய விதையை விட நாலு மூட்டை கூட வரும்" என்கிறார். எங்கே போடச் சொல்வார்? கிணற்றடியிலே, வண்டல் மண்ணிலே. பழைய விதை மேட்டாங்காட்டிலே கிடக்கும். அறுவடையிலே நாலு மூட்டை கூடத்தான் வரும். அது விதைக்கு வந்த மகசூலா, கிணற்றுக்கு வந்த மகசூலா? செஞ்சி தாண்டி இதே ரோட்டிலே போனால் திண்டிவனம். அங்கே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி.7 மல்லாட்டை போட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள், அந்த டி.எம்.வி. திண்டிவனத்தைக் குறிப்பதுதான். அங்கே ஒரு ரகத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்தியிலே எந்த ரகம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி முடிவு செய்வார்கள். மேடும் பள்ளமும் இரண்டு ரகத்துக்கும் சமமாகப் பங்காகிவிடும். இந்த யோசனையை 1920-களிலே இங்கிலாந்திலே ஒரு விவசாயப் பண்ணையிலே வேலை பார்த்த ஃபிஷர் என்கிற கணக்குக்காரர் கொண்டு வந்தார். வயலிலேயிருந்துதான் இது ஆஸ்பத்திரிக்கு வந்தது. கணக்குக்காரன் என்கிற முறையிலே எனக்கு இதிலே கொஞ்சம் கர்வம் உண்டு.

ஆஸ்பத்திரியிலே சீட்டு ஏன் என்று கேட்கலாம். டாக்டரே பார்த்துப் பிரித்தால் என்ன? பிரிப்பார், நல்ல மனசோடுதான் பிரிப்பார். புது மருந்திலே நம்பிக்கை உள்ளவர், தேறுகிற மாதிரி தெரிகிற ஆளுக்கு அதைக் கொடுப்பார். இல்லையென்றால் பரிதாபப்பட்டு, மோசமான கேஸுக்குக் கொடுப்பார். இரண்டுமே கணக்கைக் கெடுத்துவிடும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதிலே, 1948-லே வெளியான இங்கிலாந்துச் சோதனையிலே பிராட்ஃபர்ட் ஹில் என்கிறவர் இதற்கு ஒரு வழி செய்தார். சீட்டை உறையிலே போட்டு ஒட்டி வைத்துவிட்டார். நோயாளியைச் சேர்த்துக் கொள்வதாக முடிவு செய்த பிற்பாடுதான் உறையைப் பிரிக்க வேண்டும். ஆறு மாதத்திலே ஊசி போட்ட 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்த 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். மருந்து கைவசம் இருந்தும் 52 பேருக்குக் கொடுக்காமல் விட்டார்களே, நியாயமா என்று உங்களுக்குத் தோன்றும். போர் முடிந்த சமயம், நாட்டிலே இருந்த மருந்தே கொஞ்சம்தான். எல்லாருக்கும் கொடுக்க முடியாது. யாருக்கு என்பதைச் சிபாரிசு முடிவு செய்வதை விடச் சீட்டு முடிவு செய்தது நியாயம் என்பது என் கட்சி.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம்ம சென்னை சேத்துப்பட்டிலே நடந்தது. இதை நம்ம ஊர்ப் பாடப் புத்தகத்திலே ஏன் போடவில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக வருத்தம்.

1950-களிலே டி.பி. என்றால் என்ன நிலைமை என்பது இங்கே இருக்கிற மூத்தவர்களுக்குத் தெரியும். பேரைச் சொல்லவே பயப்படுவார்கள். 'அந்த நோய்' என்பார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள். வைத்தியம் என்றால் சானடோரியம். தாம்பரத்திலே ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பேர் வந்துவிட்டது பாருங்கள். நல்ல காற்று, பால், முட்டை, மாதக் கணக்கிலே கட்டிலிலே ஓய்வு. ஆனால் கட்டில் கிடைப்பது குதிரைக்கொம்பு. லட்சக்கணக்கிலே நோயாளி, ஆயிரக்கணக்கிலே கட்டில். அந்தச் சமயத்திலே மாத்திரைகள் வந்துவிட்டன: ஐசோநயாசிட், பி.ஏ.எஸ். அப்போது ஒரு கேள்வி வந்தது. வீட்டிலே இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதாதா?

பெரிய டாக்டர்களிலே பலர் போதாது என்றுதான் நினைத்தார்கள். காரணமும் சரியாகத்தான் இருந்தது. சென்னைக் குடிசையிலே காற்றில்லை, சாப்பாடில்லை, ஒரே அறையிலே ஏழெட்டுப் பேர். ஓய்வு எங்கே கிடைக்கும்? கூலி வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது. வீட்டிலே வைத்திருந்தால் குழந்தை குட்டிக்கெல்லாம் தொற்றிவிடாதா? நீங்களும் நானும் அந்த நாளிலே இருந்திருந்தாலும் சானடோரியத்துக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்போம்.

1956-லே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் ரோட்டிலே ஒரு மையம் ஆரம்பித்தார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்கிற டாக்டர் இங்கிலாந்திலிருந்து வந்து தலைமை ஏற்றார். சளியிலே கிருமி இருந்த 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுப்படி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி வீட்டுக்கு. இரண்டு பேருக்கும் அதே மாத்திரை, ஒரு வருஷம்.

மாத்திரை கொடுத்து அனுப்பினால் போதுமா? நம்ம ஜனங்களை அவர்களும் புரிந்து வைத்திருந்தார்கள். பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டுகிற மருந்து. இருமல் நின்றதும் மாத்திரையைப் பரணிலே போட்டுவிடுவது மனுஷ சுபாவம்தான். அதனாலே மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நின்றார்கள். மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிப் போய் மருந்து உடம்புக்குள்ளே போயிருக்கிறதா என்று சோதித்தார்கள்.

முடிவு 1959-லே வெளியானது. ஒரு வருஷக் கடைசியிலே கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்திலே நூற்றுக்கு 92, வீட்டிலே நூற்றுக்கு 86. சானடோரியக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடப் போட்டார்கள். ஆனால் நோய் அடங்கியதிலே பெரிய வித்தியாசம் இல்லை. 5 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகவே வந்தது. எல்லாரும் பயந்த விஷயம், வீட்டிலே மற்றவர்களுக்குத் தொற்றுவது, அதையும் பார்த்தார்கள். வீட்டிலே வைத்தியம் பார்த்தவர் குடும்பத்திலே, சானடோரியத்துக்குப் போனவர் குடும்பத்தை விட அதிகம் பேருக்கு நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே தொற்றிவிடுகிறது; மாத்திரை உள்ளே போனதும் பரவுவது சீக்கிரம் குறைந்து விடுகிறது.

இந்த ஒரு சோதனை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். உலகம் பூராவும் சானடோரியங்கள் காலியாக ஆரம்பித்ததிலே இதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு நம்ம ஊரிலே ஒருத்தருக்கு டி.பி. என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலே மாத்திரை வாங்கிக் கொண்டு, வீட்டிலே இருந்து, வேலைக்கும் போகிறாரே, அதற்கு வழி போட்டது சேத்துப்பட்டு. கண்ணெதிரே மாத்திரை விழுங்க வைக்கிற முறையையும் 1960-களிலே அங்கேதான் வளர்த்தார்கள். பின்னால் உலக சுகாதார நிறுவனம் அதை நாடு நாடாகக் கொண்டு போனது. அந்த மையம்தான் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த 193 பேரும் சென்னைக் குடிசைவாசிகள். அவர்கள் பேரை எங்கேயும் பொறித்து வைக்கவில்லை.

இதிலே இரண்டு நுணுக்கம் உண்டு. ஒன்று, பாதியிலே விட்டுப் போனவர்களை என்ன செய்வது? நம்ம ஆசிரியர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. சில பள்ளிக்கூடத்திலே பத்தாம் வகுப்பிலே நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவதற்காக, தேறாத பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுவார்கள் இல்லையா? பரீட்சை எழுதினவன் அத்தனை பேரும் பாஸ்! மருந்துச் சோதனையிலும் அந்த வேலை நடக்கும். "மருந்தை முழுசாகச் சாப்பிட்டவர்களிலே 90 சதவீதம் குணம்" என்பார்கள். முழுசாகச் சாப்பிடாதவன் ஏன் சாப்பிடவில்லை? வாந்தி எடுத்திருப்பான், அல்லது செத்திருப்பான். அதனாலே சீட்டிலே எந்தப் பக்கம் விழுந்தானோ, அந்தப் பக்கத்திலேயே கடைசி வரைக்கும் எண்ண வேண்டும் என்பது விதி. ஒன்றாம் வகுப்பிலே சேர்ந்த பிள்ளைகளிலே எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்கிற மாதிரி.

இரண்டாவது, சாப்பாடு. சேத்துப்பட்டு முடிவைப் பார்த்துவிட்டு டி.பி.க்குச் சாப்பாடே முக்கியமில்லை என்று சிலர் பேசினார்கள். சோதனை அப்படிச் சொல்லவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போனால் நல்ல சாப்பாடு இல்லாவிட்டாலும் கிருமி அடங்கும் என்றுதான் சொன்னது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். வேறே கேள்வியை 2019-க்கு அப்புறம் ஜார்க்கண்டிலே கேட்டார்கள், அதே சென்னை நிறுவனமும் சேர்ந்து. டி.பி. நோயாளியின் குடும்பத்துக்கு உணவுப் பொருள் கொடுத்தால் மற்றவர்களுக்கு நோய் வருவது குறையுமா? குறைந்தது. 2023-லே வெளியான அந்த முடிவின்படி, ஏறக்குறைய நாற்பது சதவீதம்.

பலிக்காத சோதனை ஒன்றையும் சொல்ல வேண்டும். தோளிலே தழும்போடு இருக்கிறோமே, பி.சி.ஜி. அது பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் டி.பி.யைத் தடுக்கிறதா என்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலே, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களிலே 1968-லே ஆரம்பித்துச் சோதித்தார்கள். இரண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல். ஊசியிலே இருப்பது பி.சி.ஜி.யா வெறும் தண்ணீரா என்பது போட்டுக் கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. தெரிந்தால் பார்க்கிற கண்ணே மாறிவிடும். அதற்காகத்தான் அந்த மறைப்பு. 15 வருஷம் தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்குப் பாதுகாப்பு ஒன்றும் தெரியவில்லை. நாடு பூராவும் போட்டுக் கொண்டிருந்த ஊசி! மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள் பாருங்கள், அதற்கு நெஞ்சுரம் வேண்டும். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வருகிற கொடிய டி.பி.யை அது தடுக்கிறது என்பது வேறே ஆராய்ச்சிகளிலே தெரிந்ததாலே, பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். போடுங்கள். அதிலே சந்தேகம் வேண்டாம்.

கொரோனா சமயத்திலே பிளாஸ்மாவுக்கு நாம் அலைந்தது ஞாபகம் இருக்கும். 2020-லே, 21-லே, நம்ம முன்னாள் மாணவர் குழுவிலேயே "அவசரம், பிளாஸ்மா வேண்டும்" என்று எத்தனை செய்தி வந்தது! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 ஆஸ்பத்திரிகளிலே 464 பேரை வைத்துச் சோதித்தது. பிளாஸ்மா ஏற்றினவர்களுக்கு ஏழாம் நாள் மூச்சுத் திணறல் கொஞ்சம் குறைந்தது. கிருமியும் சீக்கிரம் மறைந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் வெற்றி என்று பேப்பரிலே கொட்டை எழுத்திலே போட்டிருப்பார்கள். ஆனால் 28 நாள் வரைக்கும் பார்த்தார்கள். நோய் முற்றினவர்கள், இறந்தவர்கள் சேர்த்து: ஏற்றினவர்களில் நூற்றுக்கு 19, ஏற்றாதவர்களில் நூற்றுக்கு 18. ரிப்போர்ட்டிலே நம்பர் நல்லா ஆவது வேறே, ஆள் பிழைப்பது வேறே. 2021 மே மாதம் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மாவை எடுத்துவிட்டார்கள். லேபிலே இருந்து வருகிற ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் மருந்தை மெச்சக் கூடாது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சதவீதம் என்று வந்ததாலே ஒன்று. சதவீதம் சொல்லி நம்மை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். திருச்சி மாவட்டத்துக் கிராமங்களிலே 15,419 சின்னக் குழந்தைகளுக்கு வாராவாரம் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின்-ஏ கலந்தது, மீதிப் பேருக்குக் கலக்காதது. 1990-லே முடிவு வந்தது. ஏ கலந்தது குடித்தவர்களிலே 37 குழந்தைகள் இறந்தன, கலக்காததிலே 80. 'சாவு 54 சதவீதம் குறைந்தது' என்றும் சொல்லலாம், 'ஆயிரத்துக்கு பத்தரை இறந்த இடத்திலே ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக இறந்தது' என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே உண்மை. ஆயிரத்துக்கு ஆறு குழந்தை என்பது சாதாரணம் இல்லை. சில காசு சொட்டுக்கு அது பெரிய விஷயம். ஆனால் லட்ச ரூபாய் மருந்துக்கு 'ஆபத்து பாதியாகக் குறையும்' என்று விளம்பரம் செய்தால், எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறையும் என்று கேளுங்கள். ஆயிரத்திலே இரண்டு ஒன்றாவதும் பாதிதான்.

அதோடு திருச்சிக் கதை முடியவில்லை. உத்தரப் பிரதேசத்திலே பத்து லட்சம் குழந்தைகளை வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அளவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-லே வெளியான முடிவிலே சாவு 4 சதவீதம்தான் குறைந்திருந்தது; அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்கிற அளவு. ஊர் வேறே, கொடுத்த முறை வேறே, குழந்தைகளின் ஊட்டம் வேறே. ஒரு சோதனையை வைத்துக் கொண்டு ஆடவும் கூடாது, ஒரு சோதனையைப் பார்த்து மனம் உடையவும் கூடாது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசிலே வைக்க வேண்டும்.

நம்ம தோழர் ஒருத்தர், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பேர் சொல்ல மாட்டேன், சிரிக்கிறதிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். போன வருஷம் போன் பண்ணினார். முழங்கால் வலி. வெளியூரிலே ஒரு இடத்திலே புது ஊசி போடுகிறார்கள், இரண்டு காலுக்கும் சேர்த்து லட்சக் கணக்கிலே செலவு, 'நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நிவாரணம்' என்று நோட்டீஸ். ஏரிக்கரை நிலத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிட்டு, நாலு கேள்வி எழுதிக் கொண்டு போகச் சொன்னேன். அந்தத் தொண்ணூறு எத்தனை பேரிலே? ஊசி போடாத கூட்டத்திலே எத்தனை பேருக்கு வலி குறைந்தது? எத்தனை நாள் கழித்துப் பார்த்தீர்கள்? பாதியிலே வராமல் போனவர்களை எந்தப் பக்கம் எண்ணினீர்கள்? முழங்கால் வலி ஏறி இறங்குகிற வலி. ரொம்ப ஏறும்போதுதான் ஊசிக்குப் போவோம். அதற்கப்புறம் இறங்கத்தான் செய்யும், வெறும் தண்ணீரை ஏற்றினாலும். அவர் போய்க் கேட்டார். முதல் கேள்விக்கே அங்கே பதில் இல்லை, "நம்பிக்கை இருந்தா போடுங்க" என்றார்களாம். நிலம் அவரிடமே இருக்கிறது. வலியும் அவரிடமேதான் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. தொடை தசைக்கு உடற்பயிற்சி செய்கிறார், கொஞ்சம் தேவலாம் என்கிறார். அதுவும் பயிற்சியாலேயா, தானாகவா என்று என்னைக் கேட்காதீர்கள்!

கடைசியாக, கையெழுத்து. நம்ம பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வேலூர், சென்னை, புதுச்சேரி என்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறோம். அங்கே ஆராய்ச்சியும் நடக்கும். "இந்தச் சோதனையிலே சேருகிறீர்களா?" என்று ஒரு படிவத்தை நீட்டினால் பயந்து ஓடவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். 2009-லே ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பெண் குழந்தைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்க்கிற திட்டம் நடந்தது. அந்த ஊசி நல்ல ஊசி. உலகம் பூராவும் போடுகிறார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். ஊசியாலே இறக்கவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் சம்மதப் படிவங்களைப் புரட்டினபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தது தெரிய வந்தது. 2010 ஏப்ரலிலே திட்டத்தை நிறுத்தினார்கள். 2013-லே நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. நல்ல மருந்தாக இருந்தால் மட்டும் போதாது. கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

இப்போது விதி கறாராக இருக்கிறது. மருந்துச் சோதனைகளை 2009-லிருந்து தொடங்குவதற்கு முன்பே தேசியப் பதிவேட்டிலே பதிவு செய்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரிலே பார்க்கலாம். தோற்றுப் போன சோதனையைச் சத்தமில்லாமல் புதைத்துவிடாமல் இருக்க இது உதவுகிறது. நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். 2019-லே வந்த விதிகளின்படி, சோதனையாலே உடம்புக்குக் கேடு வந்தால் இலவச வைத்தியமும் நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும். படிவம் உங்களுக்குப் புரிகிற பாஷையிலே இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத அம்மா, பாட்டியாக இருந்தால் சம்பந்தப்படாத சாட்சி ஒருத்தர் பக்கத்திலே இருந்து படித்துச் சொன்ன பிற்பாடுதான் கைரேகை வாங்கலாம். ஒரு பிரதி உங்கள் கையிலே இருக்க வேண்டும். எந்த நாளிலும் "எனக்கு வேண்டாம்" என்று விலகலாம். விலகினதாலே உங்களுக்குக் கிடைக்க வேண்டிய வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. படிவத்திலே குழுவின் போன் நம்பர் இருக்கும். அந்த நம்பருக்கு நீங்களே பேசலாம். டாக்டர் மனசு கோணுமே என்று தயங்க வேண்டாம்.

அந்த நாலு கேள்வியை ஒரு தாளிலே அச்சடித்துக் கொண்டு வந்திருக்கிறேன், வாசலிலே புகைப்படம் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலே வைத்திருக்கிறேன். வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக் கொள்ளுங்கள். சாப்பாட்டு மணி அடிக்கிற மாதிரி தெரிகிறது.